பிரித்த தேதியைச் சொல்லுங்கள்

குன்னூரில் சீசன் தொடங்கினால் சாலையோரம் செடிக்கடைகள் முளைத்துவிடும். தார்ப்பாய் கட்டி, அடுக்கடுக்காக ஜெரேனியம், பெட்டூனியா, கள்ளி வகைகள் வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவே சில ஆண்டுகளாக இன்னொன்றையும் பார்க்கிறேன். ஒரு சாண் உயரச் செடி, தட்டையான பீங்கான் தொட்டி, இலையே தெரியாத அளவுக்கு இளஞ்சிவப்புப் பூ. 'அசேலியா போன்சாய்' என்று ஓர் அட்டை செருகியிருக்கும். அதில் விலை இருக்கும். வேறு எதுவும் இருக்காது.

2022 மே மாதம் அப்படி ஒன்றை வாங்கினேன். தபால் நிலையத்தில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாரம் அது. எனக்கென்று நான் வாங்கிக்கொண்ட முதல் பொருள் என்றுகூடச் சொல்லலாம். பதினைந்து நாளில் பூ கொட்டியது. இருபதாம் நாள் இலை சுருண்டது. தண்ணீர் ஊற்றினேன். இன்னும் சுருண்டது. ஒரு மாதத்தில் குச்சிதான் மிச்சம். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேலே இருந்த கூழாங்கற்கள் பசை போட்டு ஒட்டியவை. கீழே ஓர் எலுமிச்சம்பழ அளவில் பாசி உருண்டை. அதைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் கயிற்றைக்கூட யாரும் அவிழ்த்திருக்கவில்லை. உருண்டைக்குள் தலைமுடிப் பருமனில் நாலைந்து வேர்கள். பெரிய புதரின் கிளையில், அது செடியோடு இருக்கும்போதே வேர்விட வைக்கும் விண் பதியம் போட்டு, வேர் எட்டிப் பார்த்ததும் வெட்டி, பூத்த கையோடு தொட்டியில் செருகி விற்றிருக்கிறார்கள். அந்தச் செடி என் கைக்கு வரும்போதே பாதி உயிரோடுதான் வந்திருக்கிறது.

விண் பதியம் எப்படிப் போடுவது என்று சொல்லித்தர இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கே வெட்டுவது, எதைச் சுற்றுவது எல்லாம் சொல்வார்கள். வெட்டி இறக்கிய மறுநாள் காலையிலிருந்து என்ன செய்வது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாய்ச்செடியிடமிருந்து பிரித்து ஓராண்டு ஆகாத அசேலியாவைப் போன்சாய் என்று விற்கக் கூடாது. விற்றே தீர வேண்டுமென்றால் பிரித்த தேதியை அட்டையில் எழுதித்தான் விற்க வேண்டும். வாங்குபவரும் அந்த ஓராண்டுக்குச் செடியை அலங்காரப் பொருளாக நினைக்கக் கூடாது. அது தேறிக்கொண்டிருக்கும் நோயாளி.

கொய்யா, மாதுளை வளர்ப்பவர்களுக்கு விண் பதியம் புதிதல்ல. மரத்துக்குள் இரண்டு பாதைகள் உண்டு. கட்டை வழியாகத் தண்ணீர் மேலே ஏறும். பட்டையின் உட்புறம் வழியாக, இலை சமைத்த உணவு கீழே இறங்கும். பட்டையை வளையமாக உரித்தால் இறங்கும் பாதை மட்டும் அறுந்து, உணவு உரித்த இடத்துக்கு மேலே தேங்கும். அங்கே ஈரப் பாசியைப் பொத்திக் கட்டினால் அந்த விளிம்பிலிருந்து வேர் கிளம்பும். தண்ணீர் வழக்கம்போல் தாயிடமிருந்து வந்துகொண்டே இருப்பதால் கிளை வாடுவதில்லை. மாதக்கணக்கில் பச்சையாக நிற்பதைப் பார்த்துச் செடி தயாராகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வெட்டிய நொடியில் அந்தத் தண்ணீர் நிற்கிறது. இலைகள் அவ்வளவும் அப்படியே இருக்கின்றன. வெயிலும் காற்றும் அப்படியே இருக்கின்றன. குடிப்பதற்குத்தான் ஒரு கைப்பிடிப் பாசிக்குள் இருக்கும் சில நூல் வேர்கள்.

அசேலியாவுக்கு இது இன்னும் கடினம். அதன் வேர் மயிரிழை போன்றது. மற்றச் செடிகளின் வேரில் இருக்கும் வேர்த்தூவிகள்கூட அதற்குக் கிடையாது. வேருக்குள்ளேயே குடியிருக்கும் ஒருவகைப் பூஞ்சைதான் மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சும் வேலையில் பெரும்பங்கைப் பார்க்கிறது. ஒரு மதியம் முழுக்கக் காய்ந்தால் அந்த வேர் கருகிவிடும். நாள்கணக்கில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஆல், அரசு, போகன்வில்லா வளர்த்த கையோடு இதைத் தொடுகிறவர்கள் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

என் அப்பா தவறணைக்காரர். நாற்றங்காலுக்கு இலங்கை மலையகத்தில் தவறணை என்றுதான் பெயர். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வரும்போது எனக்குப் பத்து வயது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் உருவான அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கு மறுபடியும் தவறணை வேலையே கிடைத்தது. ஓர் இலையும் ஒரு துண்டுத் தண்டுமாகத் தேயிலையை நறுக்கி, புளிப்பு மண் நிரப்பிய பாலிதீன் பைகளில் நட்டு, மேலே நிழல் போட்டு, பாலிதீன் கூடாரம் மூடுவார்கள். வேர் பிடித்த பிறகு கூடாரத்தை ஒரே நாளில் எடுத்துவிட மாட்டார்கள். முதலில் ஓர் ஓரம், அப்புறம் ஒரு பக்கம், அப்புறம் சாயங்காலங்களில் முழுவதும். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கிற மாதிரி என்பார் அப்பா. நான் ஒருநாள் பைக்குள் இருந்த தண்டை மெல்ல அசைத்துப் பார்த்தபோது கையைத் தட்டிவிட்டார். "வேர் வந்துருச்சான்னு இழுத்துப் பாக்குறவன் தவறணைக்கு ஆகமாட்டான்" என்றார். தேயிலையும் அசேலியாவும் வேறுவேறு குடும்பம். ஆனால் இரண்டுக்கும் புளிப்பு மண்தான் பிடிக்கும், இரண்டும் அவசரக்காரர்களிடம் பிழைக்காது. அசேலியாவைத் தேற்றும் வழியை நான் கற்றது அந்தத் தவறணையில்தான்.

என் சொந்தப் பதியத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு பழைய பங்களா. அதன் முகப்பில் இடுப்பளவு உயரத்துக்கு அசேலியா வேலி, கத்தரிப்பூ நிறத்தில் பூக்கும். என் சிறு வயதிலேயே அது பெரிய புதராகத்தான் இருந்தது. 2023இல் அதை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த இடம் கட்டப்போவதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரரிடம் ஒரு கிளை கேட்டேன். "எடுத்துக்கங்கம்மா, எப்படியும் ஜேசிபி வரப்போகுது" என்றார். வேலை தொடங்க வருடக் கடைசி ஆகும் என்பதால் பதியத்துக்கு நேரம் இருந்தது. பூ முடிந்த ஏப்ரலில், கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமனான ஒரு கிளையில் நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை உரித்தேன். அடியில் வழுவழுவென்று இருந்த பச்சைப் படலத்தையும் சுரண்டினேன். அதை விட்டுவைத்தால் பட்டை மறுபடி கூடிவிடும். ஊறவைத்த ஸ்பேக்னம் பாசியைப் பொத்தி, பாலிதீன் சுற்றி, வெளிச்சம் படாமல் கறுப்புப் பையால் மூடினேன். வாரம் ஒருமுறை பையை விலக்கிப் பார்ப்பதோடு சரி. ஜூலையில் வெள்ளை வேர் தெரிந்தது. உடனே வெட்டவில்லை. அந்த வெள்ளை பழுப்பாகி, கிளைவிட்டு, பாலிதீனின் எல்லாப் பக்கமும் வந்து முட்டும் வரை காத்திருந்தேன். ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தால் அறுத்து இறக்கினேன். பத்தொன்பது வாரம் ஆகியிருந்தது. கடையில் வாங்கிய செடிக்கு அந்தப் பொறுமையை யாரும் காட்டவில்லை.

அறுத்த கிளையை நட்டது பீங்கான் தொட்டியில் அல்ல, அரிசி களையும் பிளாஸ்டிக் கூடையில். தட்டைத் தொட்டியில் தண்ணீர் அடியிலேயே தங்கிவிடும். ஆழம் குறையக் குறைய ஈரம் கூடும் என்பது கேட்பதற்கு முரணாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. நனைந்த பஞ்சைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் பாருங்கள், நிமிர்த்தும்போதுதான் நீர் வடியும். கூடையில் எல்லாப் பக்கமும் ஓட்டை, காற்று போகும். மண்ணுக்கு, மக்கிய பைன் பட்டைத் தூள் இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, மூன்று தடவை அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், அலசாமல் போட்டால் அந்த இளம் வேர் தாங்காது. பாசி உருண்டையைப் பிய்க்கவில்லை. வேரும் பாசியும் பின்னிக்கிடக்கும், ஒன்றை இழுத்தால் மற்றொன்று அறும். ஓரத்தில் தானாக உதிர்ந்ததை மட்டும் எடுத்தேன். நடும்போது குச்சி விட்டுக் குத்தவும் இல்லை. கூடையின் விளிம்பைத் தட்டித் தட்டியே மண்ணை இறக்கினேன்.

அதன்பின் செய்த ஒரு வேலையைத்தான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்து, செடியை மூன்று பக்கமும் கூடையோடு சேர்த்துக் கட்டினேன். அசையவே கூடாது. மேலே முழங்கை நீளத்துக்குக் கிளைகளும் இலைகளும், கீழே ஒரு கைப்பிடி வேர். காற்று ஒரு தடவை ஆட்டினால், அன்று காலை மண்ணுக்குள் நுழைந்த நுனிகள் அத்தனையும் அறுந்துவிடும். மறுநாள் செடி புதிதாகத் தொடங்க வேண்டும். புது அசேலியா தண்ணீர் இல்லாமல் செத்ததாக நாம் நினைப்பதில் பல, ஆடி ஆடித்தான் செத்திருக்கும் என்பது என் எண்ணம்.

இலையைக் குறைக்க வேண்டுமா? இதில் இரண்டு கட்சி உண்டு. வேர் குறைவு, அதனால் பாதி இலையை வெட்டு என்பார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. வேர் வளரத் தேவையான உணவைச் சமைப்பதே அந்த இலைதான். நீட்டிக்கொண்டிருந்த நான்கைந்து கிளைகளை மட்டும் குறைத்தேன், மொத்தத்தில் கால்வாசிகூட இருக்காது. மீதியைக் காற்றிலிருந்து காப்பாற்றினேன். வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் நான்கு குச்சி நட்டு, பெரிய பாலிதீன் பையைக் கவிழ்த்து, இரண்டு ஓட்டை போட்டேன். காலையில் ஒருமுறை தண்ணீர் தெளிப்பு. மூன்று வாரம் அப்படியே. நான்காம் வாரத்திலிருந்து அப்பா செய்தது போல, பொழுது சாய்ந்ததும் பையை எடுத்து விடிந்ததும் போட்டேன். ஏழாம் வாரம் பையே வேண்டியிருக்கவில்லை. கிளை நுனிகளில் பச்சை மூக்கு தெரிந்தது. (வெட்டிய கிளைகளை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போட்டுவிடாதீர்கள். அசேலியா இலையும் பூவும் விஷம். நாய்க்கும் ஆகாது.)

மதியம் இலை லேசாகத் தொங்கும். உடனே கை தண்ணீர்க் குவளைக்குப் போகும். அந்தக் கையை நிறுத்துங்கள். முதலில் விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் செடிக்குத் தேவை நிழல், தண்ணீர் அல்ல. ஈர மண்ணில் மேலும் மேலும் ஊற்றித்தான் என் முதல் செடியின் கடைசி வேரையும் நானே அழுகவைத்தேன். மேல்மண் காயத் தொடங்கும்போது ஊற்ற வேண்டும், ஊற்றினால் அடி வழியாக வழியும் வரை ஊற்ற வேண்டும். இந்த இரண்டு வரிக்குள் எல்லாம் அடக்கம். ஆனால் அதைப் பழக ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆகிறது.

உரம் பற்றிக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் செடி வாடினால் அதற்கு ஏதாவது ஊட்டிவிட வேண்டும் என்று நினைக்கிறோம். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவோம், அடுப்புச் சாம்பல் தூவுவோம். ரோஜாவுக்குச் சரி. அசேலியாவுக்கு அது கேடு. இரண்டுமே மண்ணின் புளிப்பைக் கெடுக்கும். அசேலியாவுக்கு மண்ணின் அமிலகாரக் குறியீடு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் நல்லது. அதற்கு மேலே ஏற ஏற, மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. பிரித்து எட்டு வாரம் வரை நான் எதுவுமே கொடுக்கவில்லை. புதுத் தளிர் முற்றிய பிறகு, பையில் எழுதியிருந்த அளவில் கால்பங்கு கரைத்துக் கொடுத்தேன். படுத்திருப்பவருக்குக் கஞ்சிதான் கொடுப்போம், விருந்து வைக்க மாட்டோம்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்தது. மண் சரிந்து மலை ரயில் ஓடாத நாட்கள் அவை. கூடையைத் தாழ்வாரத்தின் உள்பக்கம் இழுத்து, ஒரு பக்கத்துக்கு அடியில் அரைச் செங்கல் வைத்துச் சாய்த்துவிட்டேன். சாய்ந்த கூடையில் தண்ணீர் வேகமாக வடியும். இது போன்சாய்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த பழைய வழி. பங்களா வேலிக்கு ஜேசிபி வந்ததும் அந்த மாதம்தான். தாய்ச்செடி போய்விட்டது. என் தாழ்வாரத்தில் அரைச் செங்கல்மேல் சாய்ந்து நின்ற கிளைதான் அதில் மிஞ்சியது.

மார்கழியில் மொட்டு வைத்தது. அசேலியா அடுத்த பூக்காலத்துக்கான மொட்டைப் பல மாதம் முன்பே கருக்கொண்டுவிடும். ஆகஸ்டில் வெட்டும்போதே அவை நுனிகளில் உருவாகியிருக்க வேண்டும். குளிரில் உப்பி, சந்தன நிறச் செதிலோடு நின்றன. எண்ணினேன், அறுபத்து நான்கு. ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தேன். நகத்தால் கிள்ளினால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் இலைமொட்டும் போய்விடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெல்லத் திருக வேண்டும். விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏன் அம்மாச்சி, பூக்கத்தானே வளக்குறீங்க?" என்றாள். அவளுக்கு என்ன சொல்ல? "இந்த வருசம் இதுக்குப் பூக்கத் தெம்பில்லடா. கேட்டா மாட்டேன்னு சொல்லத் தெரியாது, இருக்கிறதையெல்லாம் போட்டுப் பூத்துரும்" என்றேன். அவளும் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு மொட்டு திருகினாள். பூ என்பது செடிக்குப் பெரிய செலவு. வேரில்லாத செடி பூத்தால் அதைக் கொண்டாட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. வெட்டுப்பட்ட செடிகள் பலவும் கடைசித் தெம்பைத் திரட்டி அப்படிப் பூப்பதுண்டு. அதைத்தான் சீசன் கடையில் நமக்குக் காட்டி விற்கிறார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கவில்லை.

2024 மார்ச்சில் ஒரு சறுக்கல். இளம் இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் மஞ்சள். இரும்புச்சத்து ஏறாததன் அடையாளம் அது. உரம் குறைந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. பிப்ரவரியில் வீட்டில் புதிதாக சிமென்ட் தொட்டி கட்டியிருந்தோம். புது சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கரையும். அந்தத் தண்ணீரைத்தான் ஒரு மாதமாக ஊற்றியிருக்கிறேன். நீல டிரம்மில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீருக்கு மாறினேன். செடி எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவில் விற்கும் இரும்புச்சத்தைக் கொஞ்சம் கரைத்து இலைமேல் தெளித்தேன். நாட்டு மருந்துக்கடையில் அன்னபேதி என்று விற்பதும் இரும்புச் சத்துதான், ஆனால் அளவு தப்பினால் இலை கருகும், அதனால் புதுச் செடிக்கு அதைப் பயன்படுத்தவில்லை. மஞ்சளான இலைகள் மஞ்சளாகவே இருந்து உதிர்ந்தன. ஏப்ரல் கோடை மழைக்குப் பின் வந்த தளிர்கள் பச்சையாக வந்தன. சமவெளியில் போர்வெல் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு இந்த மஞ்சள் தினசரித் துயரமாக இருக்கும்.

இதெல்லாம் ஜப்பானில் புதிய அறிவே அல்ல. அங்கே சட்சுகி என்னும் அசேலியா வகை இருக்கிறது. பழைய நாள்காட்டியின் ஐந்தாம் மாதத்துக்கு அந்தப் பெயர், அந்த மாதத்தில் பூப்பதால் செடிக்கும் வந்தது. 1692இலேயே இத்தோ இஹெய் என்ற நர்சரிக்காரர் அசேலியாக்களைப் பற்றி மட்டுமே ஐந்து பாகங்களில் ஒரு நூல் வெளியிட்டார். தோச்சிகி மாகாணத்தில் கனுமா என்று ஒரு நகரம். அகாகி எரிமலை எப்போதோ உமிழ்ந்த நுரைக்கல் அங்கே மண்ணுக்கடியில் படுகையாகக் கிடக்கிறது. மஞ்சளாக, மிருதுவாக, புளிப்புத் தன்மையோடு இருக்கும் அந்தக் கனுமா மண்ணில்தான் சட்சுகி போன்சாய்கள் வளர்கின்றன. நனைந்தால் நிறம் அடர்ந்து, காய்ந்தால் வெளுக்கும். எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை மண்ணே சொல்லும். விண் பதியத்துக்கு அவர்கள் வைத்த பெயர் தோரிகி. பதியத்தில் எடுத்த மரத்தை அங்கே நல்லவர்கள் உடனே கண்காட்சித் தொட்டிக்கு மாற்றுவதில்லை. பெட்டியிலோ ஆழமான மண் தொட்டியிலோ ஆண்டுக்கணக்கில் வளரவிடுகிறார்கள். தொட்டி என்பது கடைசியில் வருவது.

அவர்களிடமிருந்து கற்ற இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான மரங்களுக்கு உச்சிதான் வலிமை, அடி மெலியும். அசேலியாவுக்குத் தலைகீழ். அடிக்கிளையும் தூரில் கிளம்பும் தளிரும் முரட்டுத்தனமாக வளரும், உச்சி மெலிந்துகொண்டே போகும். மற்றச் செடி என்று நினைத்து உச்சியைக் கடுமையாகக் கவாத்து செய்தால் அது காய்ந்துபோகவும் கூடும். 2024 ஜூனில் என் செடியின் அடியில் ஏழு தளிர் கிளம்பியது. கட்டைவிரலால் தேய்த்தே நீக்கினேன். உச்சியைத் தொடவே இல்லை. கம்பி சுற்றவில்லை. வடிவம் கொண்டுவரக் கை துறுதுறுத்த நாட்கள் உண்டு, வடிவத்துக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

2025 பிப்ரவரியில் முதன்முதலாகப் பூக்கவிட்டேன். பதினொரு மொட்டு மட்டும் வைத்துவிட்டு மீதியை எடுத்தேன். அதே கத்தரிப்பூ நிறம். வாடியதும் விதைப்பை காய்க்க விடாமல் காம்போடு கிள்ளினேன். மார்ச்சில் கூடையைப் பிரித்தேன். எல்லா ஓட்டை வழியாகவும் வேர் வெளியே வந்திருந்தது, நுனிகள் பொன்னிறம். தண்ணீரைப் பீய்ச்சி வெளிப்புறப் பாசியை மட்டும் கழுவினேன். தாயோடு ஒட்டியிருந்த அடிக்கட்டையை வேருக்கு நெருக்கமாக அறுத்தேன். பிறகு ஆழமான மண் தொட்டியில் நட்டேன். பீங்கான் தொட்டிக்குப் போக அதன்பின் இரண்டு வருடமாவது ஆகும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு ஒரு நர்சரிக்காரர் என்னிடம் சொன்னார்: "அக்கா, ஒரு வருசம் வச்சுத் தேத்துனா இடம், ஆள்கூலி எல்லாம் யாரு குடுப்பா? பூ இல்லாத செடிய எவன் வாங்குவான்?" நியாயமான கேள்வி. அவர் பிழைப்பு அது. வாங்கும் நாமும்தான் காரணம், பூவைப் பார்த்துத்தானே கையை நீட்டுகிறோம். அதனால்தான் தேதியைக் கேட்கிறேன். இரண்டு தொட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றில் 'பிரித்தது போன மாதம்', இன்னொன்றில் 'பிரித்து ஒன்றரை வருடம்' என்று எழுதியிருக்கட்டும். இரண்டாவதற்கு இரண்டு மடங்கு விலை வைக்கட்டும், நான் கொடுப்பேன். விஷயம் தெரிந்தால் இன்னும் பலர் கொடுப்பார்கள். முதலாவதை வாங்குபவரும் தெரிந்தே வாங்குவார். நிழலில் வைப்பார், மொட்டைக் கிள்ளுவார். தோட்டக்கலைத் துறை மலைப் பூங்காக்களில் பயிற்சி நடத்தும்போது, பதியம் போடக் கற்றுக்கொடுக்கும் அதே நாளில், பிரித்த பின் வரும் ஓராண்டையும் ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுக்கலாம். பெரிய செலவில்லை.

சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிறவர்களிடம் மனம் விட்டு ஒன்று சொல்கிறேன். அசேலியா குளிர்ந்த இரவு கேட்கும் செடி. பதியம் பிரித்த சூட்டோடு அதைக் காரில் வைத்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதே பாதி முடிந்துவிடும். உங்கள் மொட்டைமாடிக்குக் காகிதப்பூவும் மாதுளையும் இருக்கின்றன. அதே விண் பதியத்தை அவற்றில் போடுங்கள், உங்கள் வெயிலில் அவை செழிக்கும். மலையில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் வேறு. இடிக்கப்போகும் பழைய வீட்டு முகப்பில் அசேலியா இருந்தால், வண்டி வருவதற்கு ஆறு மாதம் முன்பே போய் ஒரு கிளை கேளுங்கள்.

சீசன் வந்தால் கடைகள் மறுபடி முளைத்துவிடும். வாங்குவதற்கு முன், அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்து மிக மெல்ல அசைத்துப் பாருங்கள். தொட்டியோடு சேர்ந்து அசையாமல் தண்டு மட்டும் தனியாக ஆடினால் அதற்கு வேரில்லை. வேர் பிடித்ததா என்று தவறணையில் இழுத்துப் பார்க்கக் கூடாது என்றார் அப்பா. கடையில் பார்க்கலாம், பார்த்தே ஆக வேண்டும். பிறகு கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை எப்போது பிரித்தீர்கள்?" பதில் வரவில்லை என்றால் வாங்காதீர்கள்.